மலையும் விலையும்

ஒரு டன் இரும்புத்தாதுவுக்கு என்ன விலை? கேட்டுப் பாருங்கள், தோழர்களே! நொடியிலே சொல்லிவிடுவார்கள், உலகச் சந்தையை உள்ளங்கையில் வைத்திருக்கும் கனவான்கள். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. ஏறினால் ஏன் ஏறிற்று, இறங்கினால் ஏன் இறங்கிற்று என்றுகூடக் கணக்குக் காட்டுவார்கள்.

ஒரு தேரைக்கு என்ன விலை? இதையும் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள். "தேரைக்கு விலையா? தேரை யாருக்கு வேண்டும்?" என்று கேலி பேசுவார்கள்.

சிரித்து முடிக்கட்டும். பிறகு நாம் ஒரு கேள்வி கேட்போம். விலைப் பட்டியலை எழுதியவர் யார்? எதற்கு விலை உண்டு, எதற்கு விலை இல்லை என்று முடிவு கட்டும் உரிமையை அவருக்குக் கொடுத்தவர் யார்? எங்கோ உட்கார்ந்திருப்பவன் தராசு பிடிக்க, எங்கோ இருக்கும் மலை தட்டிலே ஏறுகிறதே, அந்த மலையடியில் பிறந்து வளர்ந்தவனை யாரேனும் ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

இந்தக் கேள்விகளை வெறும் காற்றிலே வீசவில்லை நான். இவை அனைத்துக்கும் சாட்சியாக ஒரு மலை நிற்கிறது. அதன் பெயர் நிம்பா.

தாயே குளமானாள்

ஆப்பிரிக்காவின் மேற்குப் புறத்திலே, கினியா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் என்னும் மூன்று நாடுகளின் எல்லைகள் கூடும் இடத்திலே இருக்கிறது இம்மலை. உயரம் 1,752 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டாவுக்கு முன் நிறுத்தினால் தோளுக்குத்தான் வரும். ஆனால் சுற்றிலும் தாழ்ந்த நிலம். நடுவே சுவர் எழுப்பினாற்போல் நீண்டு கிடக்கிறது நிம்பா. கடற்காற்று கொண்டுவரும் ஈரத்தை அந்தச் சுவர் தடுக்கிறது. மழையாகப் பெறுகிறது, பனிமூட்டமாகப் போர்த்திக்கொள்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஊற்றுகள் அதன் மடியிலே பிறக்கின்றன. லைபீரியாவுக்கும் ஐவரி கோஸ்ட்டுக்கும் எல்லையாக ஓடும் கவாலி ஆறு அங்கேதான் பிறக்கிறது. அம்மலைநாட்டு மானோ மக்களின் மொழியிலே அதன் பெயருக்கு 'வழுக்கும் மலை' என்று பொருள் சொல்கிறார்கள்.

அடிவாரத்திலே அடர்ந்த காடு. உச்சியிலே மரமற்ற புல்வெளி. கீழேயிருக்கும் வெப்பம் மேலே இல்லை. மேலேயிருக்கும் குளிர்ச்சி கீழே இல்லை. கடலுக்கு நடுவே தீவு இருப்பதுபோல, வெப்ப நிலத்துக்கு நடுவே குளிர்ந்த தீவு ஒன்று. அதிலே அகப்பட்டுக்கொண்ட உயிர்கள், ஊழி ஊழியாக வெளியே போக வழியின்றி, அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் ஏற்பத் தம்மைத் தாமே மாற்றிக்கொண்டன. உலகில் வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் அங்கே 200-க்கு மேல் உண்டு என்று யுனெஸ்கோ கூறுகிறது.

அந்த 200-லே ஒன்றுதான் நமது தேரை. கட்டைவிரல் நுனியிலே உட்காரும். 1943-ல் பிரெஞ்சு அறிவியலார் அதைப் பெயரிட்டு நூலில் ஏற்றினர். அதன் பெருமை உருவத்தில் இல்லை, பிறப்பில் இருக்கிறது.

தேரை என்றால் என்ன செய்யும்? தண்ணீரிலே முட்டையிடும். முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வரும். தலைப்பிரட்டைக்குக் கால் முளைத்து, வால் குறைந்து, பிறகு கரையேறும். பள்ளிப் பிள்ளையும் அறிந்த பாடம் இது. ஆனால் நிம்பாவின் உச்சியிலே குளம் ஏது? குட்டை ஏது? சரிவான பாறையிலே பெய்த மழை நிற்காமல் ஓடிவிடுகிறதே! முட்டையிட இடமில்லை என்று அழிந்தொழியவில்லை அந்த இனம். தாயே குளமானாள்! ஒன்பது மாதம் வயிற்றிலே சுமக்கிறாள். முட்டையில் மஞ்சட்கரு இல்லாத குறையைத் தன் உடலிலே சுரக்கும் ஊட்டத்தால் தீர்க்கிறாள். கோடையிலே புல் காய்ந்து, பாறை சுடும்போது, பாறை இடுக்கிலே, மண்ணுக்கடியிலே, சூலோடு ஒடுங்கிக் கிடக்கிறாள். மழை வந்ததும் வெளியே வந்து, தலைப்பிரட்டையாக அல்ல, முழு வடிவத் தேரைகளாகவே ஈனுகிறாள். தவளை இனத்திலும் தேரை இனத்திலும் இப்படி ஈனுவன மிகமிகச் சில.

நம் நாட்டுத் தாயைப் 'பத்து மாதம் சுமந்தவள்' என்போம். இதோ, விரல் நுனியளவு உயிர் ஒன்று ஒன்பது மாதம் சுமக்கிறது. எந்தக் கடவுளும் இறங்கி வந்து வரம் கொடுக்கவில்லை. தேவையும் காலமும் சேர்ந்து செய்த வேலை இது. டார்வின் சொன்ன பாடத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுமா?

மலையின் முதுகெலும்பு

அந்தத் தேரை உட்கார்ந்திருக்கும் பாறை எது தெரியுமா? இரும்பு! உயர்ந்த ரக இரும்புத்தாது!

சுற்றியிருந்த மென்மையான பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பெய்த மழையிலே கரைந்து போயிற்று. இரும்பு கலந்த கடும்பாறை மட்டும் கரையாமல் நின்றது. நின்றதனால் மலையாயிற்று. மலையானதால் மேகம் தங்கிற்று. மேகம் தங்கியதால் ஊற்றும் புல்லும் தேரையும் வந்தன. எந்த இரும்புக்காக மலையை உடைக்கக் கேட்கிறார்களோ, அந்த இரும்புதான் மலையின் முதுகெலும்பு. கழுத்திலே கிடக்கும் நகையைக் கழற்றுவது வேறு. முதுகெலும்பை உருவுவது வேறு. நகையைக் கழற்றினால் மறுபடியும் பூட்டலாம். முதுகெலும்பை உருவினால்?

பூட்டியவரும் தோண்டியவரும்

நிம்பாவின் கினியாப் பகுதியும் ஐவரி கோஸ்ட் பகுதியும் அன்று பிரெஞ்சு ஆதிக்கத்தில் இருந்தன. 1944-ல் அங்கே, ஆராய்ச்சியாளர் தவிர வேறெவரும் நுழையலாகாது என்று கடுங்காவல் இயற்கைக் காப்பிடம் ஏற்படுத்தப்பட்டது. நல்ல காரியம்தான். உயிரினம் பிழைக்க அது உதவிற்று. ஆனால் பூட்டுப் போட்டவன் யார்? மலைக்கு உரியவனா? இல்லை. உரியவன் வெளியே நிறுத்தப்பட்டான். தேன் எடுத்தவனும் வேட்டையாடியவனும், தாத்தன் காலத்துத் தடத்திலே நடந்தவனும், ஒரே நாளில் அத்துமீறி நுழைபவன் ஆனான். மலையின் உச்சிக்குப் பெயர்கூட, அம்மலையிலே 1951-ல் இறந்த பிரெஞ்சுப் புவியியல் அறிஞர் ரிஷார் மோலாரின் பெயர்தான்! அறிஞரிடம் நமக்குப் பகையில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டு அடிவாரத்திலே வாழ்ந்தவன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்காதா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

அந்தக் கினியாதான் 1958-ல் உலகத்தை வியக்க வைத்தது. "பிரான்சுடன் சேர்ந்தே இருக்கிறீர்களா?" என்று தெகால் வாக்கெடுப்பு நடத்தினார். ஆப்பிரிக்கப் பகுதிகளில் மற்றவை தலையசைத்தபோது, செக்கு தூரே தலைமையில் கினியா ஒன்றுதான் செப்டம்பர் 28-ல் "மாட்டோம்" என்றது. அக்டோபர் 2-ல் விடுதலை பெற்றது. கோபத்தோடு வெளியேறிய ஆதிக்கக்காரர் கருவிகளையும் கோப்புகளையும் எடுத்துச் சென்றனர். எடுக்க முடியாதவற்றில் பலவற்றை அழித்தனர். "மாட்டோம்" என்ற ஒரு சொல்லுக்குக் கொடுத்த விலை அது. பின்னாளில் தூரேயின் ஆட்சியே மக்களை வாட்டும் கொடுமையாக மாறியது, வரலாற்றின் வேதனை. ஆனாலும் அந்த ஒரு நாளின் வீரத்தை மறைக்க முடியாது.

எல்லைக்கு அப்பால், லைபீரியாவில் கதை வேறு. அங்கே மலைக்குப் பூட்டு இல்லை, வெடி இருந்தது! ஸ்வீடன், அமெரிக்க முதலாளிகளின் கூட்டு நிறுவனமான லாம்கோ, 1963 முதல் நிம்பாவை வெட்டி எடுத்தது. காட்டுக்கு நடுவே யெகெபா என்ற நகரம் முளைத்தது. புக்கானன் துறைமுகம் வரை, இருநூறு கிலோ மீட்டருக்கு மேல் இரும்புப் பாதை போடப்பட்டது. மலை, வண்டி வண்டியாக, கப்பல் கப்பலாகக் கடல் கடந்தது.

முன்னேற்றம் என்றார்கள். ஆம், வேலை கிடைத்தது. மருத்துவமனை வந்தது. பள்ளி வந்தது. மறுக்கவில்லை நாம். ஆனால் 1966-ல் என்ன நடந்தது? மலையை வெட்டிய தொழிலாளி, கூலி போதவில்லை என்று வேலைநிறுத்தம் செய்தான். அவனோடு பேச வந்தது யார்? துப்பாக்கி தாங்கிய இராணுவம்! அப்போது அங்கிருந்த ஸ்வீடன் நாட்டுப் படப்பிடிப்பாளர்கள் அதைப் படமாக்கினார்கள். 'நிம்பாவில் கறுப்பு வாரம்' என்ற பெயரில் அது வெளிவந்ததும், நியாயம் பேசும் நாடு என்று தன்னை எண்ணியிருந்த ஸ்வீடனிலேயே பெரும் வாதம் எழுந்தது.

தோழர்களே, இதைக் கவனியுங்கள். மலைக்கு மதிப்புக் கொடுக்காதவன், மலையை வெட்டுபவனுக்கும் மதிப்புக் கொடுக்கவில்லை. தேரைக்கு விலையில்லை என்று சொன்ன அதே பட்டியலில்தான், தொழிலாளியின் வியர்வைக்கும் விலை குறைத்து எழுதப்பட்டிருந்தது. பட்டியல் ஒன்று. எழுதிய கை ஒன்று.

1980-களின் இறுதியில் உயர்ரகத் தாது தீர்ந்தது. 1989-ல் முதலாளிகள் விலகினர். அதே ஆண்டு டிசம்பரில், அதே நிம்பா மாவட்டத்திலேதான் லைபீரியாவின் உள்நாட்டுப் போர் வெடித்தது. இரும்பு போயிற்று, இன்பம் வரவில்லை. ஒரு தலைமுறை கப்பலேற்றிய மலையின் மதிப்பிலே ஒரு பங்கேனும் அந்த மக்களின் வீட்டிலும் வயலிலும் தங்கியிருந்தால், துப்பாக்கி தூக்க இளைஞர் அத்தனை எளிதிலே கிடைத்திருப்பார்களா?

போர் முடிந்த பிறகு, 2005-ல் மிட்டல் நிறுவனம் அந்தப் பழைய சுரங்கப் பகுதிக்கு ஒப்பந்தம் போட்டது. இரும்புப் பாதையும் துறைமுகமும்கூட நிறுவனத்தின் பிடிக்குப் போகும்படி இருந்தது ஒப்பந்தம். எதிர்ப்பு எழுந்தது. எலன் ஜான்சன் சர்லீஃப் அம்மையாரின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு 2006-ல் அதைத் திருத்தி எழுதச் செய்தது. பாதையும் துறைமுகமும் அரசுக்கே மீண்டன. 2011-ல் தாது மறுபடி கப்பலேறியது. மக்கள் ஆட்சி கண் விழித்திருந்தால் முதலாளியின் பேனாவும் வளையும் என்பதற்கு இது சான்று.

காப்பிடமா, கனிச் சுரங்கமா?

கினியாப் பக்கம் மட்டும் நிம்மதியாக இருந்ததா? அதுவும் இல்லை. அந்தப் பகுதியை 1981-லும், ஐவரி கோஸ்ட் பகுதியை 1982-லும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ ஏற்றது. பதினொரு ஆண்டு போவதற்குள், 1992-ல், 'ஆபத்தில் இருப்பவை' என்ற பட்டியலிலும் சேர்த்தது. காரணம் இரண்டு. ஒன்று, லைபீரியப் போரிலிருந்து உயிர் தப்பி ஓடிவந்த அகதிகளின் பெருக்கம். மற்றொன்று, இரும்புச் சுரங்கத் திட்டம். 1993-ல் சுரங்கத்துக்கென 1,550 ஹெக்டேர் நிலம் பாரம்பரிய எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டது. மலையின் நடுவே அப்படியொரு துண்டு. அதைச் சுற்றிலும் காப்பிடம்! உரிமை கைமாறிக் கைமாறி வந்தது. ஆய்வு நடந்தது, துளையிடுதல் நடந்தது. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் ஆபத்துப் பட்டியலிலிருந்து நிம்பா இறங்கவில்லை.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். தாது தேடியவர்கள் முன்னாளில் அங்கே குடைந்துவிட்டுப் போன சுரங்க வழிகளிலே வௌவால்கள் குடியேறின. 2018-ல் அவற்றை எண்ணப் போன ஆராய்ச்சியாளர்கள், சுரங்க நிறுவனத்தின் உதவியோடு போனவர்கள்தான், ஆரஞ்சு நிற உடலும் கருநிறச் சிறகும் கொண்ட ஒரு வௌவாலைப் பிடித்தார்கள். அறிவியல் அதுவரை கண்டறியாத இனம்! 2021-ல் அதற்கு நிம்பாவின் பெயரையே வைத்தார்கள். எழுபது, எண்பது ஆண்டு ஆராய்ந்த மலையிலே, ஒரு முழு உயிரினம் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. வீட்டிலே என்ன இருக்கிறது என்று எண்ணி முடிப்பதற்குள் வீட்டை விற்கத் துடிக்கிறான் என்றால், அவனை ஊதாரி என்போமா, அறிவாளி என்போமா?

கல் எடுத்த கரம்

நிம்பாவின் அருகே, கினியா மண்ணில், பொசூ என்றொரு சிற்றூர். அதன் குன்றுகளிலே சிம்பன்சிக் குரங்குகள் வாழ்கின்றன. 1976 முதல் ஜப்பானிய அறிஞர்கள் அங்கே தங்கி ஆராய்ந்தார்கள். என்ன கண்டார்கள்? எண்ணெய்ப் பனையின் கொட்டையை ஒரு கல்லின் மேல் வைத்து, மற்றொரு கல்லால் தட்டி உடைத்துப் பருப்பைத் தின்கிறது சிம்பன்சி! பட்டறைக் கல் ஒன்று, சுத்தியல் கல் ஒன்று. தொழிலாளத் தோழர்களே, உங்கள் கருவியின் ஆதி உருவத்தைக் கண்டீர்களா!

அந்தத் திறமை பிறவியிலே வந்ததா? இல்லை. குட்டி தாயின் அருகே உட்கார்ந்து, ஆண்டுக்கணக்கில் பார்க்கிறது. கல்லை எடுத்துக் கீழே போடுகிறது, கொட்டையைக் காலால் மிதிக்கிறது, தோற்கிறது, மறுபடி பார்க்கிறது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் கைவரப் பெறுகிறது. அந்தப் பருவத்திலே கற்கத் தவறினால் பிறகு கைகூடுவது அரிது. 1953-ல் இந்த நாட்டிலே ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தாரே, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று! குலக்கல்வி என்று நாம் பெயரிட்டு எதிர்த்தோம். 1954-ல் அது ஒழிந்தது. திறமை குலத்தில் பிறக்கிறது என்று சாதித்த அந்தப் பழமைக்கு, பொசூவின் குரங்குக் குட்டி பதில் சொல்கிறது: "பிறப்பால் அல்ல, பார்த்துப் பழகித்தான் கற்றேன்!"

பொசூவின் மக்கள் அந்தக் குரங்குகளைக் கொல்வதில்லை. தம் முன்னோரோடு உறவுடையவை என்பது அவர்கள் நம்பிக்கை. பகுத்தறிவு பேசும் நாம் அந்த நம்பிக்கையை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் விந்தை பாருங்கள்! மனிதனும் குரங்கும் உறவு என்ற முடிவுக்கு அறிவியலும் வந்து சேர்ந்தது. வழி வேறு, முடிவு அருகருகே. சட்டமும் காவலரும் இல்லாத காலத்திலே அந்த உயிர்களைக் காத்தது அந்த ஏழை உழவன்தான். அந்தக் கடனைப் பாரம்பரியம் பேசும் படித்தவர்கள் மறக்கலாகாது.

ஆனால் பொசூவின் கதை மகிழ்ச்சியில் முடியவில்லை. 2003-ல் பரவிய சளிக்காய்ச்சல் போன்ற நோயில், 19 சிம்பன்சிகளில் ஐந்து மாண்டன. செத்த குட்டியை விட மனமின்றி, காய்ந்து சருகான பிறகும் வாரக்கணக்கில் முதுகிலே சுமந்து திரிந்தன தாய்கள். பொசூவுக்கும் நிம்பாக் காட்டுக்கும் இடையே சில கிலோ மீட்டர் வெறும் புல்வெளி. அதைக் கடந்து புதிய குடும்பங்கள் வந்து சேரவில்லை. 1997 முதல் அந்த இடைவெளியிலே மரம் நட்டுப் பச்சைப் பாதை அமைக்க முயன்றார்கள். காட்டுத் தீயும் வறட்சியும் குறுக்கிட்டன. கூட்டத்தின் எண்ணிக்கை பத்துக்கும் கீழே இறங்கிற்று.

2024 செப்டம்பரில் நெஞ்சு நடுங்கும் நிகழ்ச்சி ஒன்று. சிம்பன்சி ஒன்று கைக்குழந்தையைத் தூக்கிச் சென்று கொன்றது. கொதித்தெழுந்த ஊர்மக்கள் ஆராய்ச்சி நிலையத்தைத் தாக்கினார்கள். யாரைக் குற்றம் சொல்வது? குழந்தையைப் பறிகொடுத்த தாயிடம் 'உயிரினப் பெருமை' பேச எவனுக்கு வாய் வரும்? காடு சுருங்கிச் சுருங்கி, இரை குறைந்து, குரங்கு ஊருக்குள் வருகிறது. நிலம் போதாமல் மனிதன் காட்டுக்குள் போகிறான். இருவரையும் ஒரே இடுக்கிலே தள்ளிய வறுமைதான் முதற் குற்றவாளி. குரங்கைக் காக்கப் பணம் வந்தது. குரங்கோடு வாழும் மனிதனைக் காக்க எவ்வளவு வந்தது? இந்தக் கணக்கைக் கேட்காமல் காப்பிடம் நிலைக்காது.

நாம் எந்தப் பக்கம்?

"இரும்பு வேண்டாமா? ஆலை வேண்டாமா? பாட்டாளிக் கட்சி பேசும் பேச்சா இது?" என்று கேட்பார் சிலர். நன்றாகக் கேட்கட்டும்!

இரும்புக்குப் பகைவர்கள் அல்ல நாம். 1967-ல் அண்ணாவின் அறைகூவலை ஏற்று எழுச்சி நாள் கொண்டாடி, சேலத்துக்கு உருக்காலை கேட்ட இயக்கம் இது. ஏர் முனை முதல் எஞ்சின் வரை இரும்பில்லாமல் எதுவும் இல்லை என்பது தெரியும் நமக்கு. "கூரை ஒழுகும் வீட்டுக்காரன் தேரையைப் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்கட்டும்" என்று, வயிறு நிறைந்தவன் சொல்லும் உபதேசத்தையும் நாம் ஏற்பதில்லை. ஐரோப்பா தன் மலைகளை வெட்டித் தின்று கொழுத்த பிறகு, ஆப்பிரிக்காவைப் பார்த்து "நீ வெட்டாதே" என்று மட்டும் சொல்வது நீதியாகாது.

ஆனால் இதையும் சொல்வோம். இரும்பு உலகிலே ஒரு மலையில் மட்டும் இல்லை. பல மலைகளில் உண்டு, பல கண்டங்களில் உண்டு. உருக்கிய இரும்பை மறுபடி உருக்கலாம். உடைந்த கப்பலையும் துருப்பிடித்த பாலத்தையும் உலையில் போட்டுப் புது இரும்பாக்கலாம். ஆனால் ஒன்பது மாதம் சுமக்கும் அந்தத் தேரையை எந்த உலையில் வார்ப்பது? எந்தப் பட்டறையில் அடிப்பது? நிம்பாவின் உச்சிப் புல்வெளியில் அது போனால், போனதுதான். திரும்பக் கிடைப்பதற்கு விலை வைக்கலாம். திரும்பக் கிடைக்காததற்கு விலை வைப்பவன் வியாபாரி அல்லன், சூதாடி.

ஆகவே, மலையைக் கேட்டு வருபவன் எவனாயினும், வெள்ளையனோ கறுப்பனோ, தனியார் கம்பெனியோ அரசாங்கமோ, நான்கு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொட வேண்டும். மலையடி மக்களைக் கேட்டாயா? அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பிப் போகச் சம்மதமா? வெட்டும் தொழிலாளியின் வீட்டிலே, மலை தீர்ந்த பிறகும் நிலைத்திருக்கப் போவது என்ன? நீ அழிப்பது, நாளை உன்னால் ஆக்கித் தர முடிந்த பொருள்தானா?

பூட்டுப் போட வருபவனுக்கும் கேள்வி உண்டு. யாரை வெளியே நிறுத்தி இந்தப் பூட்டு? அவனுக்கு மாற்று வாழ்வு என்ன? சாவியிலே அவனுக்குப் பங்கு உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு ஒழுங்கான பதில் வந்தால், மலையும் வாழும், மக்களும் வாழ்வர். வராவிட்டால், நிம்பாவின் மக்களும் அவர்களைப் போன்றவர்களும் சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு. 1958-லே கினியா அதைச் சொல்லிக் காட்டிற்று. "மாட்டோம்!"